கணுக்கால் முறிவும் நடை மீட்சியும்

மனிதர் அன்றாடம் செய்யும் தொழில்களுள் நடத்தலைப்போலச் சிந்தையின்றிச் செய்யப்படுவது பிறிதொன்றில்லை. படியிறங்குங்கால் எந்தக் காலை முன்வைத்தோமென்று எவரும் கருதுவதில்லை. கருத நேர்வது அக்கால் முறிந்த பின்னரே. நம் மாணாக்கர் பந்தாட்டக் களத்திலும், மழைக்காலத்தில் வழுக்கும் விடுதிப் படிகளிலும் கணுக்காலைப் பிசகவைத்துக்கொள்வது புதிதன்று. அவற்றுட் பெரும்பாலானவை சின்னாளில் ஆறிவிடும். சிலவற்றில் எலும்பே முறிந்து, இரணசிகிச்சை வேண்டப்படுகின்றது. அச்சிகிச்சைக்குப் பின்னர்க் காலை மீண்டும் நடைக்குக் கொண்டுவரும் பயிற்சிமுறையைப்பற்றி ஈண்டுச் சில கூற முற்பட்டோம். இதனைப் பிசியோதெரபி என்றும் இயன்முறை மருத்துவம் என்றும் இக்காலத்தார் வழங்குவர்.

இரணசிகிச்சையை விடுத்து அதற்குப் பிற்பட்டதை எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வைத்தியசாலையினின்று வீடு திரும்பும் நோயாளியின் எக்ஸ்ரே படத்தில் தகடும் திருகாணிகளும் ஒழுங்காய்த் தோன்றுகின்றன. வீட்டார் அதனை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, 'எலும்பு சேர்ந்தாயிற்று, இனி ஓய்வுதான் மருந்து' என்று தீர்மானித்துவிடுகின்றனர். 'காலை ஊன்ற வேண்டாம்' என்று வைத்தியர் ஒருமுறை சொன்னது எல்லார் செவியிலும் நிலைத்துவிடுகின்றது; எந்நாள்வரை என்று கேட்டு வைத்தவர் ஒருவருமில்லை. மூன்று திங்கள் கட்டிலிலே கழிகின்றன. அதன்பின் எழ முயல்பவர்க்கு எலும்பு கூடியிருக்கின்றது. ஆனால் பாதம் மடங்கவில்லை, ஆடுசதை வற்றி மெலிந்திருக்கின்றது, படியிறங்க நெஞ்சம் துணியவில்லை. மேசைமுன் அமர்ந்து உழைப்பவர் ஒருவாறு சமாளிப்பர். வரப்பில் நடந்து பிழைப்பவர்க்கும், சாரமேறும் கொத்தனார்க்கும், பனையேறுவார்க்கும் அஃது ஊதியமே போய்விடுதலை ஒக்கும். இத்தகையோரை யாம் கண்டதுண்டு. அவர்கள் குறை பெரும்பாலும் எலும்பிலன்று, எலும்பு கூடிய காலத்தில் செய்யாது விடுக்கப்பட்ட பயிற்சியிலே உள்ளது.

கணுக்காலின் அமைப்பை முதலிற் சிறிது அறிதல் நலம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள. உட்புறம் பருத்திருப்பது டிபியா. வெளிப்புறம் மெலிந்திருப்பது பிபுலா. கணுக்காலின் இருமருங்கும் நாம் தொட்டறியும் புடைப்புகள் இவ்விரண்டின் கீழ்நுனிகளேயாம். தச்சர் ஒரு மரத்திற் காடி வெட்டி மற்றொரு மரத்தின் முனையை அதனுட் செருகுதல்போல, இந்நுனிகள் கவையாய் நின்று தாலஸ் என்னும் பாத எலும்பை இடையே பற்றிக்கொண்டிருக்கின்றன. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் அப்பிடியை உறுதிசெய்கின்றன. காடி சிறிது அகன்றாலும் கேடு பெரிதாம். ராம்சி, ஹாமில்டன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவையின்படி, தாலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்புறம் நகர்ந்த அளவிலேயே மூட்டின் தொடுபரப்பு சராசரி 42 விழுக்காடு குறைந்துவிடுகின்றது. உடற்பாரம் முழுவதும் எஞ்சிய சிறு பரப்பில் விழுமாயின், எலும்பின் முகத்தை மூடிய குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்துபோதல் இயல்பே. ஆதலின் இரணவைத்தியர் முறிந்த துண்டுகளை இம்மியும் பிசகாமற் பொருத்தித் தகட்டாலும் திருகாணியாலும் நிறுத்துகின்றனர்.

தகடு வைப்பதற்கு மற்றொரு நோக்கமும் உண்டு. அதனைப் பலர் அறியார். எலும்பு உறுதியாய் நிற்குமாயின் மூட்டை விரைவில் அசைக்கலாம் என்பதே அது. முறிந்த அவயவத்தை அசைப்பதா, அசையாது வைப்பதா என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூல் நகரத்து ஹ்யூ ஓவன் தாமஸ் நீண்ட, இடையறாத ஓய்வையே வற்புறுத்தினார். பாரிஸ் நகரத்து லூக்கா-ஷாம்பியோனியேர் அதற்கு மாறாக, அசைவும் தைலமிட்டு நீவுதலும் முறிவுக்கு மருந்தெனக் கொண்டார். இருவரும் கைதேர்ந்தவரே, இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. எலும்பின் துண்டுகள் ஒன்றன்மேலொன்று வழுவுமாயின் கூடா. மூட்டோ அசையாதிருப்பின் இறுகிவிடும். 1958-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பீல் நகரிற் கூடிய இரணவைத்தியர் சிலர் ஏஓ என்னும் சங்கத்தை நிறுவி, துண்டுகளை உலோகத்தால் உறுதியாய்ப் பிணைத்து, மூட்டையும் தசையையும் காலந்தாழ்த்தாது இயக்குவதைத் தம் கொள்கையாக்கினர். வழக்கு அவ்வளவில் ஒருவாறு தீர்ந்தது எனலாம். ஆகவே, தகடு வைத்த காலை வீணே கட்டிலிற் கிடத்துவோர் அத்தகட்டாற் பெறக்கூடிய பயனிற் பாதியை இழந்தவராவர்.

இனிப் பயிற்சியின் முறை. இரணசிகிச்சைக்குப் பின் முதலிரண்டு வாரமும் புண்ணுக்கே உரியன. கணுக்காலின்மேல் தோல் மெல்லியது. அடியில் சதைப்பற்று மிகக் குறைவு. வீக்கம் மிகுந்தால் தையல் பிரிதலும் சீழ் வைத்தலும் நேரக்கூடும். ஆதலாற் பாதம் இருதயத்தினும் உயர்ந்திருக்குமாறு படுத்திருத்தல் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து எதிரே முக்காலியின்மேற் காலை நீட்டினாற் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறமர்ந்தார்க்குப் பாதம் இருதயத்தினும் தாழ்ந்தே இருக்கும். இக்காலத்தில் ஓய்வென்பது கணுக்காலுக்கு மட்டுமே. கால்விரல்களை மடக்கி நீட்டலாம். முழங்காலை நேராக்கித் தொடைச்சதையை இறுக்கலாம். படுத்தவாறே காலை முழுதும் உயர்த்தி இறக்கலாம். ஆடுசதை சுருங்குந்தோறும் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்ற துருத்தியாதலின், அஃது அடியோடு ஓய்ந்திருப்பின் நரம்புக்குழாய்களில் இரத்தம் உறைதல் உண்டு. ஆடுசதையிற் புதிதாய் வலியும் வெம்மையும் வீக்கமும் தோன்றினும், திடீரென மூச்சிரைப்பு உண்டாயினும் ஒரு நாழிகையும் தாமதியாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

ஊன்றுகோலைப்பற்றி ஒரு வார்த்தை. அக்குளில் அண்டக்கொடுக்கும் ஊன்றுகோலின்மேல் உடலைத் தொங்கவிடுதல் பெருந்தவறு. அங்கே கைக்குச் செல்லும் நரம்புகள் நசுங்கி, மணிக்கட்டு தளர்ந்து தொங்குமளவுக்குக் கேடு நேர்ந்ததுண்டு. கோலின் தலை அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கிடை தாழ்ந்திருக்க, பாரத்தை உள்ளங்கைகளே தாங்கவேண்டும். படிக்கட்டில் ஏறுங்கால் நல்ல கால் முந்துக. இறங்குங்கால் கோலும் நோயுற்ற காலும் முந்துக. இதனை மாற்றிச் செய்து இரண்டாம் முறை விழுந்து எலும்பு முறிந்தவர் உளர்.

புண் ஆறித் தையல் நீங்கியபின், வைத்தியர் இசைவு பெற்றுக் கணுக்காலை அசைக்கத் தொடங்கலாம். நலமுள்ள கணுக்கால் பாதத்தை மேல்நோக்கி ஏறக்குறைய 20 பாகை மடக்கும். கீழ்நோக்கி 50 பாகை வரையில் நீட்டும். சமநிலத்தில் இயல்பாய் நடப்பதற்கு மேல்மடக்கு 10 பாகையேனும் வேண்டும். முதலில் இழக்கப்படுவதும் மீட்க அரியதும் இம்மேல்மடக்கே. ஏனெனிற் படுத்திருப்போர் பாதம் தானாகவே கீழ்நோக்கிச் சாய, குதிகாலின் பின்நாண் குறுகிவிடுகின்றது. அதனை மீட்டற்கு மிக எளியதொரு வழி உண்டு. காலை நீட்டி அமர்ந்து, துண்டு ஒன்றை உள்ளங்காலின் முன்புறத்தில் வளைத்து, இருமுனையையும் கையாற் பற்றித் தம்பக்கம் மெல்ல இழுத்து, முப்பது எண்ணும் வரையில் நிறுத்துக. பின்னர் விடுக. நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை இவ்வாறு செய்யத்தகும். சிறுவராயிற் கட்டைவிரலை எழுத்தாணியாகக் கொண்டு அகர முதலிய எழுத்துக்களை வெளியில் எழுதச்சொன்னால் பாதம் எல்லாத் திசையிலும் சுழலும். அவர்க்கும் பொழுது போகும். பிறர் வலிந்து முறுக்குதல் கூடாது. எண்ணெய் இட்டு மெல்ல நீவுதலால் ஆறிய தழும்பு இளகும். ஆனால் 'இழுத்துவிடுகிறேன்' என்று வருவோர் கையிற் காலைக் கொடுத்தல் தகட்டுக்கும் ஆகாது, எலும்புக்கும் ஆகாது.

காலை எப்போது ஊன்றலாம் என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. முன்னாளில் ஆறு வாரம் கழியுமட்டும் தரையில் ஊன்றலாகாதென்பது பல வைத்தியர் வழக்கமாயிருந்தது. இங்கிலாந்து முதலிய பகுதிகளில் 500-க்கு மேற்பட்ட நோயாளிகளை இருபகுதியாக்கி, ஒரு பகுதியாரை இரண்டு வாரத்திலும் மற்றைப் பகுதியாரை ஆறு வாரத்திலும் ஊன்றச்செய்து பார்த்த பெருஞ்சோதனையின் முடிவு 2024-ஆம் ஆண்டில் லான்செட் பத்திரிகையில் வெளிவந்தது. நான்கு திங்கள் சென்று ஒப்பிட்டபோது, முன்னர் ஊன்றியவர் நிலை பின்னர் ஊன்றியவர் நிலைக்கு எவ்வகையிலும் தாழ்ந்திருக்கவில்லை. இதனைப் படித்துவிட்டு மறுநாளே எழுந்து நடக்கத் துணிதல் வேண்டா. முறிவின் வகை பல. எலும்பின் உரம் ஆளுக்கு ஆள் வேறு. டிபியாவையும் பிபுலாவையும் ஒன்றாய்ப் பிணைக்கும் நார் அறுந்திருந்தால் தாமதிக்க வேண்டியிருக்கும். நாளைக் குறிப்பது காலைத் திறந்து உள்ளே கண்ட இரணவைத்தியரே. நோயாளி செய்யத்தக்கது ஒன்று: வீடு திரும்புமுன் அந்நாளைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்க.

அனுமதி கிடைத்தபின்னும் அச்சம் தடுக்கும். பாதியளவு பாரம் வைக்கலாமென்று வைத்தியர் சொன்னால், பாதியென்பது எவ்வளவென்று கால் அறியாது. நிறை பார்க்கும் பொறி ஒன்றைத் தரையில் வைத்து, ஊன்றுகோலைப் பற்றி நின்று, நோயுற்ற காலை அதன்மேல் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். 60 கிலோ நிறையுள்ளவர் முள் 30-ஐக் காட்டுமட்டும் அழுத்தி, அவ்வழுத்தம் எத்தன்மைத்தென உணர்ந்துகொண்டால் அச்சம் பெரிதும் குறையும். நடக்குங்கால் குதிகால் முதலில் நிலம் தொட்டு, பாதம் உருண்டு, பெருவிரலால் உந்தி எழவேண்டும். பாதத்தை வெளிப்புறம் திருப்பி இழுத்து நடக்கும் வழக்கம் முதல்வாரத்திலேயே தொற்றிக்கொள்ளும். பின்னர் விடுவது அரிது. விரைந்து கோணலாய் நடப்பதைவிட மெதுவாய் நேராக நடப்பது மேல்.

நோவைப்பற்றி இவ்விடத்துக் கூறவேண்டும். பயிற்சியில் நோவு சிறிதும் இன்றேல் பயனும் சிறிதே. மறுநாட் காலைவரை நீடித்து நிற்கும் நோவும், இரவெல்லாம் வற்றாத வீக்கமும் அளவு மீறியதற்கு அடையாளம். அன்று பயிற்சியைப் பாதியாக்குக. நோவு வழிகாட்டி என்பதன் உண்மையை நன்கு உணர்த்தியவர், நம் கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டில் மிஷனெரி குடும்பத்திற் பிறந்து, 1946-ஆம் ஆண்டு முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஊழியம் செய்த இரணவைத்தியர் பால் பிராண்டு. தொழுநோயாளரின் கைகால்கள் அழிவதற்கு உணர்ச்சியின்மையே பெருங்காரணமென்று அவர் எடுத்துக்காட்டினார்: நோவாதாகலின் புண்பட்ட பாதத்தின்மேலேயே நடந்துகொண்டிருப்பர். நீரிழிவால் பாதம் மரத்தவர்க்கும் இதுவே நேர்கின்றது. அன்னோர் கணுக்கால் முறிந்து தகடு வைக்கப்பெற்றால், தகடு தளர்வதையும் அறியாமல் நடந்துவிடுவர். ஆதலின் ஊன்றாதிருக்கும் காலத்தை வைத்தியர் அவர்க்கு ஏறத்தாழ இருமடங்காக்குவதுண்டு. மேலே கூறிய 'நோவைக் கேட்டு நடக்க' என்னும் விதி அவர்க்கு உதவாது. கண்ணாற் பார்த்தும் கையாற் தொட்டு வெம்மை கண்டுமே அவர் அறியவேண்டும். நீரிழிவு நம் நாட்டில் மலிந்திருத்தலின் இதனைச் சிறிது விரித்துரைத்தோம்.

எலும்பு உரம்பெறப் பெற, ஆடுசதைக்கு வேலை கொடுக்கவேண்டும். முதலில் நாற்காலியில் அமர்ந்தே குதிகாலை உயர்த்துதல்; பின்னர்ச் சுவரைப் பற்றி இருகாலும் ஊன்றி உயர்த்துதல்; அதன்பின் இருகாலால் எழுந்து, நோயுற்ற காலால் மட்டும் மெல்ல இறங்குதல்; இறுதியில் ஒற்றைக்காலாலே எழுதல். நலமுள்ள இளைஞர் ஒற்றைக்காலில் 20 முதல் 25 முறை வரையில் குதிகாலை உயர்த்த வல்லர். நோயுற்ற காலால் ஐந்து முறைகூட இயலாமைகண்டு பலர் திகைப்பர். எலும்பு கூட மூன்று திங்கள் என்றால், வற்றிய சதை தேற அதனினும் நெடுங்காலம் செல்லும். இடையில் புகைபிடித்தலை விடாதவர்க்கு எலும்பு கூடுதலே தாமதமாகின்றதென்பதும் நிலைநாட்டப்பட்ட உண்மை.

வலிமையினும் நுண்ணியதொன்று உண்டு. கண்ணை மூடினும் பாதம் எப்படியிருக்கின்றதென்று நாம் அறிவோம். மூட்டைச் சூழ்ந்த நார்களிலும் தசைகளிலும் உள்ள உணர்நரம்புகள் அச்செய்தியை இடையறாது அனுப்புகின்றன. கணுக்காலின் நார்கள் சுளுக்குண்டபோது இவ்வுணர்ச்சியும் கெடுவதாலேயே சிலர்க்குக் கால் மீண்டும் மீண்டும் பிசகுகின்றதென்று இங்கிலாந்தில் பிரீமன் என்னும் இரணவைத்தியர் 1965-ஆம் ஆண்டில் எடுத்துரைத்து, ஆடும் பலகையின்மேல் நிற்கும் பயிற்சியை மருந்தாகக் கூறினார். அவர் ஆராய்ந்தது சுளுக்கே. எனினும் முறிவில் நார்களும் ஊறுபடுதலின் அப்பயிற்சி இங்கும் கையாளப்படுகின்றது. பலகை இல்லாதார் வருந்தவேண்டா. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கலாம். அது கைவந்தபின் தலையணையின்மேல் நிற்கலாம். பின்னர் அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்கலாம்.

இப்பயிற்சிகளுக்கு நாள்தோறும் நிபுணரிடம் செல்லவேண்டுமா? ஆஸ்திரேலியாவில் மாவுக்கட்டு நீக்கப்பட்ட 214 பேரைக்கொண்டு செய்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகின்றது. நிபுணர் மேற்பார்வையிற் பயின்றவர்க்கும், தொடக்கத்தில் ஒருமுறை அறிவுரை கேட்டு வீட்டில் தாமே பயின்றவர்க்கும் பயனில் வேற்றுமை காணப்படவில்லை. பயிற்சி வேண்டாவென்று இதற்குப் பொருள் கொள்ளற்க. இருதிறத்தாரும் காலை இயக்கியவரே. பட்டணத்துக்கு வண்டிக்கூலி கொடுத்து வாரமிருமுறை வர இயலாத கிராமத்தார்க்கு இஃது ஆறுதலளிக்கும் செய்தி. ஆயினும் அம்முதல் அறிவுரை தெளிவாய்க் கொடுக்கப்படவேண்டும். மூட்டு இறுகியே நின்றாலும், முன்னேற்றம் தடைப்பட்டாலும் நிபுணரை நாடுதல் அவசியம்.

மேல்நாட்டு நூல்கள் பெரிதும் விட்டுவிடும் ஒன்று நமக்கு முக்கியமானது. அவர்கள் நாற்காலியிலமர்ந்து பழகியவர். நாமோ குந்துகின்றோம், சம்மணமிடுகின்றோம். குதிகால் நிலத்திற் படியக் குந்துவதற்கு மேல்மடக்கு நடைக்கு வேண்டியதினும் மிகுதியாய் வேண்டும். நடை மீண்ட மாத்திரத்தில் பயிற்சியை நிறுத்துவோர் கழிப்பிடத்திலும் களையெடுக்கும் வயலிலும் தம் குறையை அறிவர். சுவருக்கு எதிரே நின்று, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுக. தொட்டதும் பாதத்தை ஒரு விரற்கிடை பின்வாங்கி மீண்டும் முயலுக. இருகாலிலும் அத்தூரத்தை அளந்துவைத்தால் வாரந்தோறும் முன்னேற்றம் விளங்கும். பின்னர்க் கதவின் நிலையைப் பற்றிக்கொண்டு பாதியளவு குந்தத் தொடங்கலாம். சம்மணமிடுங்கால் வெளிப்புறப் புடைப்பு தரையில் அழுந்துகின்றது. தகடு இருப்பது பெரும்பாலும் அங்கேயே. மடித்த துணியை அடியிலிட்டு அமர்க.

விளையாட்டுக்குத் திரும்பும் நாளை மாணாக்கர் திங்கட்கணக்காற் கணிக்கின்றனர். கணிக்கவேண்டியது காலின் திறத்தால். நோயுற்ற காலின் குதிகால் எழுச்சி மற்றைக் காலினதை ஏறக்குறைய ஒத்ததா, ஒற்றைக்காலால் தத்திக் குதித்து ஆடாமல் நிற்க இயலுகின்றதா, ஓடிய மறுநாள் வீங்காதிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். மாலைநேர வீக்கம் பல திங்கள் நீடித்தல் வழக்கமே. ஓராண்டு கழிந்தும் குளிர்காலை விறைப்பு சிலர்க்கு இருக்கும். முன்னேற்றத்திற் பெரும்பகுதி முதலாறு திங்களில் உண்டாகின்றது.

தகட்டை எடுத்துவிட வேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். தொல்லை தராத தகட்டை உள்ளேயே விட்டுவிடுதல் வழக்கம். செருப்பு உராய்வதாலோ, சம்மணமிட இயலாமையாலோ எடுக்க நேர்ந்தால், எலும்பு முற்றும் கூடியபின்னரே எடுப்பர். எடுத்தபின் திருகாணி இருந்த துளைகள் புது எலும்பால் நிரம்புமட்டும் அவ்விடம் வலிமை குன்றியிருக்கும். நடக்கத் தடையில்லை, ஆயினும் சில வாரம் பந்தாட்டமும் குதித்தலும் ஆகா. அவ்வாரங்களிலும் துண்டைக்கொண்டு செய்யும் பயிற்சியும், சுவரருகே முழங்காலை அளந்துபார்த்தலும் முன்போலவே நடைபெறலாம்.